கூட்டம் கூடுது, வருமானம் ஏன் கூடலை? கோவளமும் வர்கலாவும் காட்டும் சுற்றுலாக் கணக்கு

கேரளச் சுற்றுலாத் துறை வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியிடும். 2023-ல் அந்த மாநிலத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 2.18 கோடி. அதுவரை இல்லாத எண்ணிக்கை. 2024-ல் அதையும் தாண்டி 2.22 கோடி ஆனது.

அதே கணக்கில் வருவாய்க்கும் ஒரு பத்தி உண்டு. கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் சுற்றுலா மூலம் கேரளத்துக்குக் கிடைத்த மொத்த வருவாய் சுமார் 45,011 கோடி ரூபாய். 2023-ல் அது சுமார் 43,621 கோடி. உள்நாடு, வெளிநாடு இரண்டையும் சேர்த்தால் பயணிகள் வரத்து 15 சதவீதம் கூடியிருக்கிறது. வருவாய் 3 சதவீதம் குறைந்திருக்கிறது. நடுவில் ஏறிய நான்கு வருஷ விலைவாசியையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையான இறக்கம் இன்னும் பெரிது.

கூட்டம் கூடினா காசும் கூடணும்தானே? ஏன் அப்படி நடக்கலை? இதைப் புரிஞ்சுக்க திருவனந்தபுரம் மாவட்டம் நல்ல இடம். கேரளத்தின் பழைய கடற்கரைச் சுற்றுலாத் தலமான கோவளம் இங்கேதான் இருக்கிறது. (சென்னை ஈ.சி.ஆர். கோவளம் வேறு, இது வேறு.) வடக்கே வர்கலா குன்று, நகரத்தை ஒட்டி சங்குமுகம், தெற்கே விழிஞ்ஞம் துறைமுகம். சுற்றுலாவின் வளர்ச்சி, அதன் விலை, அது எத்தனை காலத்துக்குத் தாங்கும் என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒரே கடலோரத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல்ல, 'சுற்றுலாப் பயணி'ன்னா யாரு?

ஐ.நா.வின் வரையறைப்படி, தான் வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டு, ஒரு வருஷத்துக்கும் குறைவான காலத்துக்கு, போகிற இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நோக்கம் இல்லாமல் போகிறவர் 'வருகையாளர்'. அவர் ஓர் இரவாவது தங்கினால் 'சுற்றுலாப் பயணி'. தங்காமல் திரும்பினால் 'ஒருநாள் வருகையாளர்'.

மாநிலக் கணக்குகள் பெரும்பாலும் தங்கும் விடுதிகள் கொடுக்கும் விவரங்களை வைத்துத் தயாராகின்றன. இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கும்.

ஒன்று, நாகர்கோவிலில் காலையில் பஸ் ஏறி, பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சி சாலை, கோவளம் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பும் குடும்பம் இந்தக் கணக்கில் வராது. ஆற்றுக்கால் பொங்கலுக்கு ஒரே நாளில் கூடும் லட்சக்கணக்கான பெண்களில் விடுதியில் தங்காதவர்களும் வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் குடிக்கும் தண்ணீர், போடும் குப்பை, ஓட்டி வரும் வண்டி எல்லாம் ஊரின் மேல்தான் விழும்.

இரண்டு, ஒரே ஆள் திருவனந்தபுரத்தில் ஒரு நாள், மூணாறில் ஒரு நாள், கொச்சியில் ஒரு நாள் தங்கினால், மூன்று 'வருகை'யாகப் பதிவாக வாய்ப்பு உண்டு. ஆகவே 2.22 கோடி என்பதை அத்தனை மனிதர்கள் என்று படிக்கக் கூடாது, அத்தனை வருகைகள் என்று படிக்க வேண்டும்.

இந்தக் குறைகளோடு பார்த்தாலும், திருவனந்தபுரத்தின் எண்கள் கொஞ்சமல்ல. 2023-ல் இந்த மாவட்டத்துக்கு 35.9 லட்சம் உள்நாட்டு வருகைகள், 1.48 லட்சம் வெளிநாட்டு வருகைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் வசிப்பவர்களே சுமார் 33 லட்சம்தான். ஊர்க்காரர்களைவிட அதிக வருகை ஒரு வருஷத்தில் வந்து போகிறது.

உலகம் எப்போ இவ்வளவு பயணம் போக ஆரம்பிச்சுது?

1950-ல் உலகம் முழுக்க எல்லை தாண்டிப் போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 2.5 கோடி. 2012-ல் அது 100 கோடியைத் தாண்டியது. 2019-ல் சுமார் 146 கோடி. ஜெட் விமானம், சம்பளத்தோடு கூடிய விடுமுறை, மலிவு விலை விமான நிறுவனங்கள், இணையத்தில் டிக்கெட், பெருகிய நடுத்தர வர்க்கம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

2020-ல் கொரோனா வந்ததும் அது 40 கோடி அளவுக்குச் சரிந்தது. 2024-ல் மீண்டும் சுமார் 140 கோடி. அதாவது உலகச் சுற்றுலா கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இந்தியா? 2019-ல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. 2024-ல் சுமார் 99.5 லட்சம். 91 சதவீதம் மீட்சி.

கேரளம்? 2019-ல் 11.9 லட்சம் வெளிநாட்டு வருகைகள். 2021-ல் அது 60 ஆயிரம் அளவுக்கு விழுந்தது. 2024-ல் 7.38 லட்சம். 62 சதவீத மீட்சிதான். நாட்டுக் கணக்கு எல்லையில் எடுப்பது, மாநிலக் கணக்கு விடுதிகளில் எடுப்பது. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் இடைவெளி பெரிது என்பது தெரிகிறது.

2019-ல் கேரளத்துக்கு வந்த 100 பேரில் 6 பேர் வெளிநாட்டவர். 2024-ல் 3 பேர். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

காசு ஏன் குறைஞ்சுது?

2019-ல் வெளிநாட்டுப் பயணிகள் மூலம் கேரளத்துக்குக் கிடைத்த அந்நியச் செலாவணி சுமார் 10,271 கோடி ரூபாய். இதை 11.9 லட்சத்தால் வகுத்தால், ஒரு வருகைக்குச் சுமார் 86,000 ரூபாய். ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி டிசம்பரில் வருகிறவர், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்குவார். ஆயுர்வேத சிகிச்சை எடுப்பார், தையல்கடையில் சட்டை தைப்பார், படகு எடுப்பார், தினமும் அதே சின்ன ஓட்டலில் சாப்பிடுவார். 

உள்நாட்டுப் பயணியின் பயணம் வேறு மாதிரி. சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புவது, சொந்தக் காரில் குடும்பத்தோடு வருவது, ஓர் இரவு தங்குவது. இதில் தப்பு எதுவும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வெளிநாட்டவர் வராத காலத்தில் கேரளச் சுற்றுலாவைத் தாங்கிப் பிடித்ததே உள்நாட்டுப் பயணிகள்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் நெரிசல், ஐந்து நாள் காலி என்று ஓடும் ஊரில், நிரந்தரமாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது சிறிய விடுதிகளுக்குச் சிரமம். வேலை நாள்கூலியாக மாறும். ஊரின் சாலையும் பார்க்கிங்கும் கழிப்பறையும் குப்பைக் கிடங்கும் மட்டும் அந்த இரண்டு நாள் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் இருந்தாக வேண்டும். செலவு உச்சத்துக்கு, வரவு சராசரிக்கு. இதுதான் சிக்கல்.

வந்த காசும் முழுசா ஊரில் தங்குவதில்லை. பொருளாதாரத்தில் இதைக் 'கசிவு' என்பார்கள். அறைக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு முன்பதிவுச் செயலிக்குக் கமிஷனாகப் போகும். பெரிய ஓட்டல் என்றால் லாபம் அதன் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போகும். காய்கறி வெளிமாநில லாரியில் வந்தால், அந்தக் காசு அந்த லாரியிலேயே திரும்பிப் போகும். மிச்சம் இருப்பதுதான் உள்ளூர்க்காரர் கையில் புரளும்.

கோவளம் எப்படிக் கோவளம் ஆச்சு?

1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பம் இங்கே கடலைப் பார்த்த மேட்டில் ஹால்சியன் மாளிகையைக் கட்டியது. மற்றபடி இது மீனவர் குடியிருப்பும் தென்னந்தோப்பும்தான். 1970-களில் ஹிப்பிகள் வந்தார்கள். மீனவர் வீடுகளில், குடிசைகளில் தங்கினார்கள். அதே காலத்தில் மத்திய அரசின் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கடற்கரை ஓட்டலை இங்கே திறந்தது. 1986-ல் கேரளம் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. கொஞ்ச நாளில் 'கடவுளின் சொந்த தேசம்' விளம்பரம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து குழுக் குழுவாகப் பயணிகள் வந்தார்கள். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் விடுதிகள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. 2002-ல் அரசு ஓட்டல் தனியாருக்கு விற்கப்பட்டது.

புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980-ல் ஒரு மாதிரியைச் சொன்னார். ஒரு சுற்றுலாத் தலத்துக்கும் ஆயுள் சுழற்சி உண்டு. முதலில் சிலர் தேடி வருவார்கள். பிறகு ஊர்க்காரர்கள் அறை, சாப்பாடு கொடுக்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் வெளி முதலீடு வரும், கட்டடங்கள் பெருகும். ஒரு கட்டத்தில் வளர்ச்சி தேங்கும். அங்கிருந்து இரண்டு வழி: தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் மீண்டும் எழும், இல்லாவிட்டால் சரியும். முதலில் வந்தவர்கள் அமைதி தேடி அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள்.

கோவளத்தின் கதை இந்த மாதிரிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. அந்த 'அடுத்த இடம்' 40 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கும் வர்கலா. இப்போது வர்கலாவும் அதே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கடற்கரையே இல்லாம போனா?

கடற்கரைச் சுற்றுலாவின் மூலதனம் மணல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை மணலை உள்ளே இழுக்கும், மழை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து போடும். இது இயற்கையான வரவு செலவு. திருப்பிப் போடுவது குறையும்போதுதான் கடலரிப்பு நிரந்தரமாகிறது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், இந்தியக் கடலோரத்தில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் மேற்கு வங்கம் 63 சதவீதம், புதுச்சேரி 57, கேரளம் 45, தமிழ்நாடு 41. நமக்கும் இது அந்நியமான பிரச்சினை இல்லை.

திருவனந்தபுரத்துக்காரர்கள் இதைப் படத்தில் பார்க்க வேண்டியதில்லை. நகரத்து மக்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் சங்குமுகத்தில், கடற்கரையின் பெரும்பகுதி சில வருஷங்களில் காணாமல் போனது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது, விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குப் போகும் கடலோரச் சாலையையே கடல் எடுத்துக்கொண்டது. பூமிக்கடியில் கான்கிரீட் சுவர் எழுப்பித்தான் சாலையைத் திரும்ப அமைத்தார்கள். பக்கத்தில் வலியதுறையில் பழைய கடல்பாலம் அதே மாதம் வளைந்து சாய்ந்தது. அங்கே வீடு இழந்த மீனவக் குடும்பங்கள் சிமென்ட் குடோனில் வருஷக்கணக்கில் குடியிருந்தன.

காரணம் என்ன? இதில்தான் சண்டை. 2015 டிசம்பரில் வேலை தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், மணல் நகரும் வழியை மறிக்கிறது என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. 2022-ல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்து, டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அரிப்புக்குத் துறைமுகம் காரணம் இல்லை, புயல்களும் பருவநிலை மாற்றமும்தான் காரணம் என்பது அரசு மற்றும் துறைமுகத் தரப்பின் வாதம். துறைமுகம் வருவதற்கு முன்பே கடற்சுவர்களும் மீன்பிடித் துறைமுகத் தடுப்புகளும் இந்தக் கரையில் இருந்தன. 2025 மே 2-ந் தேதி துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அதே மாதக் கடைசியில் இன்னொரு அடி. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அருகே கடலில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரைகள் வரை ஒதுங்கின. தன்னார்வலர்கள் மணலைச் சலித்துச் சலித்து அவற்றை அள்ளினார்கள்.

சுற்றுலாவுக்கு இதில் என்ன பங்கு? நேரடியாகப் பார்த்தால், கட்டட விதியில் இருக்கிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்றது. 2019-ல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமான கிராமப்புறங்களில் அந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. இட நெருக்கடியில் வீடு கட்ட முடியாமல் தவித்த கடலோர மக்களுக்கு இது நிம்மதி என்பதும் உண்மை.

ஆனால் கிட்டத்தட்ட அதே நேரத்தில் கேரள அரசு 'புனர்கேஹம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் மீனவக் குடும்பங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். மொத்தத் திட்டம் 2,450 கோடி. கடல் முன்னேறுது, நகர்ந்துடுங்க என்று மீனவருக்குச் சொல்லும் அதே கரையில், கட்டுமானம் முன்னைவிடக் கடலை நெருங்கி வர விதி இடம் கொடுக்கிறது. கரை நாளைக்கும் இருக்குமா என்ற கேள்வியை இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டாமா?

வர்கலா குன்றுக்கு என்ன ஆகுது?

கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் வர்கலா குன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவிப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்திருக்கிறது. நிலவியலில் 'வர்கலை அடுக்கு' என்ற பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

இந்தக் குன்று கருங்கல் இல்லை. மேலே செம்புரைக்கல், கீழே மணற்கல், இடையிடையே களிமண் அடுக்குகள். மழைத் தண்ணீர் மேலிருந்து ஊறி இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளியேறும். பாபநாசம் கரையில் குன்றின் அடியிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வழியில் குன்றின் மேலுள்ள விடுதிகளின் கழிவுநீரும் இறங்கினால், அடுக்குகள் நனைந்து இளகும். மேலே கட்டடங்களின் எடை, கீழே அலையின் அடி. குன்று துண்டு துண்டாக இடிந்து விழுவதற்கு இது போதும்.

2024-ல் மட்டும் இரண்டு சம்பவங்கள். மார்ச் 9-ந் தேதி பாபநாசம் கடற்கரையில், திறந்து மூன்று மாதம்கூட ஆகாத மிதவைப் பாலத்தின் கைப்பிடி வேலி அலையில் சரிந்து பலர் காயமடைந்தார்கள். சில மாதத்தில், பலி மண்டபத்துக்கு அருகே மண் சரிவு ஆபத்து என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் குன்றின் ஒரு பகுதியை இடிக்க, புவியியல் ஆய்வுத் துறை எதிர்ப்புத் தெரிவித்தது. கர்க்கடக வாவு நாளில் ஆயிரக்கணக்கானோர் பலி தர்ப்பணம் செய்யும் இடம் அது. பக்தர் பாதுகாப்பு ஒருபக்கம், குன்றின் பாதுகாப்பு மறுபக்கம். இரண்டையும் சேர்த்து யோசிக்க நிரந்தரமான ஏற்பாடு இல்லாவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் அவசர முடிவுதான்.

குப்பையும் தண்ணீரும் யார் கணக்கு?

2000-ம் ஆண்டு வாக்கில் கோவளத்தில் குப்பை எரிக்கும் ஆலை ஒன்றைக் கொண்டுவரும் யோசனை எழுந்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த 'தணல்' அமைப்பு அதை எதிர்த்து, 'குப்பையில்லா கோவளம்' என்ற மாற்றை முன்வைத்தது. ஓட்டல்களில் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரிப்பது, உயிரிவாயு தயாரிப்பது, பிளாஸ்டிக்குக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டை, துணி, பழைய காகிதத்தில் பொருட்கள் செய்ய உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி என்று அது விரிந்தது. குப்பையைக் குறைப்பதும் வேலை கொடுப்பதும் ஒன்றாக நடக்கலாம் என்று காட்டிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று அது.

மாநகரத்தின் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. நகரத்துக் குப்பை முழுவதையும் விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்றமும் நீர் மாசும் தாங்காமல் 2011 டிசம்பரில் கிராம மக்கள் ஆலையைப் பூட்டினார்கள். அதன் பிறகே நகரம் வீட்டிலும் வார்டிலும் உரமாக்கும் வழிக்குத் திரும்பியது. சுற்றுலாப் பயணி போடும் குப்பையும் கடைசியில் யாரோ ஒருவரின் ஊருக்குத்தான் போகும்.

தண்ணீரும் அப்படித்தான். கோவளம், விழிஞ்ஞம் பகுதிகளுக்குக் குடிநீர் தரும் வெள்ளாயணி, கேரளத்தில் இருக்கும் ஒருசில நன்னீர் ஏரிகளில் ஒன்று. ஆக்கிரமிப்பால் அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீச்சல் குளம் உள்ள விடுதியும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் குடும்பமும் நம்பியிருப்பது ஒரே நீர்நிலையை.

இதோடு வானத்துக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 2024 இறுதியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 2019-ல் உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8.8 சதவீதம் சுற்றுலாவால் வந்தது. அந்த வாயுக்கள் கடலைச் சூடாக்கி, மட்டத்தை உயர்த்தி, கடைசியில் சங்குமுகம் மாதிரியான கரைகளைத்தான் வந்து தொடுகின்றன.

கேரளம் எதுவும் செய்யலையா?

செய்தது. 2002-ல் கேப் டவுன் பிரகடனத்தில் உருவான 'பொறுப்புச் சுற்றுலா' என்ற கருத்தை, இந்தியாவில் முதலில் கையில் எடுத்த மாநிலங்களில் ஒன்று கேரளம். 2008 வாக்கில் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் சோதனை முயற்சி தொடங்கியது.

நான்கில் பெயர் வாங்கியது கோட்டயம் மாவட்டத்தின் குமரகம். அங்கே பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் சேர்ந்து, காய்கறி, முட்டை, தேங்காய், மீன் ஆகியவற்றை உள்ளூரிலேயே விளைவித்தும் சேகரித்தும் ஓட்டல்களுக்குக் கொடுத்தார்கள். 'சம்ருத்தி' என்ற கடை இதற்காகவே நடந்தது. முன்பு சொன்ன 'கசிவை' அடைப்பது இப்படித்தான். இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது கிடைத்தது. 2017-ல் மாநிலம் முழுமைக்கும் பொறுப்புச் சுற்றுலா மிஷன் தொடங்கப்பட்டது.

கோவளத்தில் ஏன் அதே அளவுக்கு நடக்கவில்லை? இரண்டு ஊர்களின் அமைப்பைப் பார்த்தாலே ஓரளவு புரியும். குமரகம் வயலும் தோப்பும் காயலும் உள்ள ஊர், கொடுக்கப் பொருள் இருந்தது. கோவளத்தில் விளைநிலம் ஏற்கெனவே விடுதியாகிவிட்டது. தேங்கிப்போன பிறகு திருத்துவதைவிட, வளரும்போதே விதி போடுவது எளிது. இன்றைய வர்கலாவுக்குப் பொருந்தும் பாடம் இதுதான்.

மத்த ஊர்கள் என்ன பண்றாங்க?

கட்டணம்: இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் தங்காமல் திரும்பும் ஒருநாள் வருகையாளரிடம் 5 யூரோ வசூலிக்க ஆரம்பித்தது. விடுதிக் கணக்கில் வராத கூட்டத்தைக் கணக்கில் கொண்டுவந்தது முக்கியம். பூடான் வெளிநாட்டுப் பயணியிடம் ஓர் இரவுக்கு 100 டாலர், இந்தியரிடம் 1,200 ரூபாய் வாங்குகிறது.

உச்சவரம்பு: நமக்குத் தெரிந்த உதாரணம் ஊட்டியும் கொடைக்கானலும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள். வருமானம் போகும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. அதனால்தான் வரம்பு வைக்கும்போது, வார நாட்களில் ஆட்களை ஈர்க்கும் வழியும் கூடவே வேண்டும்.

வீட்டு வாடகை: சுற்றுலாவுக்கு விடும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமத்தை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக பார்சிலோனா அறிவித்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்கே வாடகை வீடு கிடைக்காத நிலைதான் காரணம்.

இதில் எதையும் அப்படியே எடுத்து கோவளத்தில் வைக்க முடியாது. கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் போட்டால், முதலில் ஒதுங்குவது காசில்லாத உள்ளூர்க் குடும்பம்தான். மலைக்குச் சில பாதைகள்தான். கடற்கரைக்குப் பத்துப் பாதை. ஆனால் வர்கலா குன்றின் மேல் எத்தனை கட்டடம், எவ்வளவு எடை, கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கு வரம்பு வைக்க முடியும். விடுதிக்கு உரிமம் கொடுக்கும்போது தண்ணீர்க் கணக்கைக் கேட்க முடியும்.

சரி, எதை எண்ணணும்?

வருகையை எண்ணுவது தப்பில்லை. அதை மட்டும் எண்ணுவதுதான் பிரச்சினை. ஒரு கடைக்காரர் எத்தனை பேர் கடைக்குள் வந்தார்கள் என்று மட்டும் எழுதி வைத்து, விற்பனையும் செலவும் சரக்கு இருப்பும் எழுதாமல் இருந்தால் எப்படி?

வருஷக் கணக்கில் நான்கு பத்திகள் சேர்ந்தாலே படம் மாறும்.

1. சராசரியாக எத்தனை இரவு தங்கினார்கள், ஒரு பயணத்துக்கு எவ்வளவு செலவழித்தார்கள், மாவட்ட வாரியாக.
2. அந்தச் செலவில் எவ்வளவு உள்ளூர் ஊதியமாகவும் உள்ளூர்க் கொள்முதலாகவும் தங்கியது.
3. சுற்றுலாத் தலம் ஒவ்வொன்றும் இழுத்த தண்ணீர், போட்ட குப்பை, வார இறுதி உச்ச நாளில்.
4. கடற்கரையின் அகலமும் குன்றின் விளிம்பும் போன வருஷத்தைவிட எவ்வளவு நகர்ந்தன.

நான்காவது பத்தியை உருவாக்கச் செயற்கைக்கோள் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மற்ற மூன்றுக்கு விடுதிகளிடமும் உள்ளாட்சிகளிடமும் கேட்டால் போதும். குமரகம் மாதிரியான இடங்களில் பஞ்சாயத்து இதைச் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறது.

நீங்கள் அடுத்து திருவனந்தபுரம் பக்கம் போவதாக இருந்தால், முடிந்தால் வார நாளில் போங்கள், ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள், ஊர்க்காரர் நடத்தும் இடத்தில் சாப்பிடுங்கள், வர்கலா குன்றின் விளிம்பில் செல்ஃபிக்காக நிற்காதீர்கள். அடுத்த முறை 'பயணிகள் வருகையில் புதிய சாதனை' என்று செய்தி வந்தால், வருவாய்ப் பத்தி என்ன சொல்கிறது என்றும், கரை எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.